ஷாஃப்ட் பைக்குக்கு எந்த கிரீஸ்? கடலோர வண்டிக்கான எளிய விளக்கம்

தனுஷ்கோடியின் அரிச்சல்முனை சாலையில் விடுமுறை நாளில் அரை மணி நேரம் நின்றால் போதும், வெளியூர்ப் பெரிய பைக்குகள் கூட்டமாகப் போவதைப் பார்க்கலாம். அவற்றில் சில வண்டிகளுக்குச் செயினே இருக்காது. பின்சக்கரத்தின் ஒரு பக்கம் தடித்த அலுமினியக் குழாய் மட்டும் தெரியும். அந்தக் குழாய்க்குள் ஓர் எஃகுத் தண்டு சுழன்று சக்கரத்தை ஓட்டுகிறது. இதுதான் ஷாஃப்ட் டிரைவ். இது பழைய சங்கதி. பி.எம்.டபிள்யூ. 1923-இல் வெளியிட்ட தன் முதல் பைக்கான ஆர் 32-இலேயே இது இருந்தது. ஹோண்டா கோல்ட் விங், டிரையம்ப் டைகர் 1200, மோட்டோ குஸ்ஸியின் பெரிய வண்டிகள் எல்லாம் இதே சாதிதான்.

இந்த வண்டிகளைப் பற்றி ஷெட்டுகளில் இரண்டு பேச்சு அடிபடும். "ஷாஃப்ட்டுக்குப் பராமரிப்பே கிடையாது, ஓட்டிக்கிட்டே இருக்கலாம்" என்பது ஒன்று. "கிரீஸ்னா கிரீஸ்தான், நல்ல கம்பெனி டப்பாவா வாங்கி நல்லா அப்பிவிடு" என்பது இன்னொன்று. மலையூரிலோ உள்நாட்டிலோ இந்தப் பேச்சை நம்பியும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம். ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடல் இருக்கும் இடத்தில் அது செல்லாது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஷாஃப்ட் பைக் வைத்திருப்பவர்கள் சிலர்தான். ஆனாலும் தங்கச்சிமடத்திலோ உச்சிப்புளியிலோ இருக்கும் ஒரு ஷெட்டுக்கு வெளியூர் வண்டி ஒன்று வந்து நிற்காது என்று சொல்ல முடியாது. மீன் ஏற்றும் மினி லாரியின் அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் இதே பல், இதே கிராஸ் மூட்டு, இதே உப்புத்தான். ஆகவே படிப்பது வீண் போகாது.

கிரீஸுக்குள் என்ன இருக்கிறது

கிரீஸில் பெரும்பங்கு எண்ணெய்தான். அதை ஓடவிடாமல் பிடித்துவைக்க ஒரு கெட்டிப்பொருள் சேர்க்கிறார்கள். கெட்டிப்பொருள் பெரும்பாலும் ஒரு வகை சோப்பு. குளிக்கிற சோப்பு அல்ல, கொழுப்பு அமிலத்தோடு லித்தியமோ கால்சியமோ சேர்த்துச் செய்யப்படும் உலோகச் சோப்பு. இது நுண்ணிய நார்களாகப் பின்னிக்கொண்டு, இடையில் எண்ணெயை வைத்திருக்கும். மூன்றாவதாக, துருத் தடுப்பு, அழுத்தம் தாங்குவது போன்ற வேலைகளுக்குச் சில சேர்மங்கள். அவ்வளவுதான் கிரீஸ்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால், ஒரு விரல் கிரீஸை எடுத்துச் செய்தித்தாளில் வைத்து மறுநாள் காலை பாருங்கள். கட்டியைச் சுற்றி எண்ணெய் வளையம் ஒன்று பரவியிருக்கும். கெட்டிப்பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, எண்ணெய் மட்டும் கசிந்து வந்திருக்கிறது. பேரிங்குக்குள் நடப்பதும் இதுவே. சூடும் அழுத்தமும் பட்டதும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உராயும் இடத்துக்குப் போகும். உண்மையில் உராய்வைக் குறைப்பது அந்த எண்ணெய். கெட்டிப்பொருள் அதைச் சேமித்துவைக்கும் ஆள்.

2, 3 என்று போட்டிருப்பது என்ன

கடையில் அதிகம் கைக்கு வருவது ஏ.பி.3, அதாவது ஆல் பர்ப்பஸ் கிரீஸ். அதிலுள்ள 3 தரத்தைச் சொல்வதில்லை, கெட்டித்தன்மையைச் சொல்கிறது. என்.எல்.ஜி.ஐ. என்ற அமெரிக்கக் கிரீஸ் அமைப்பு வகுத்த அளவு இது. 25 டிகிரி செல்சியஸில் கிரீஸை 60 முறை பிசைந்து, அதன்மேல் ஓர் உலோகக் கூம்பை 5 நொடி இறங்கவிடுவார்கள். எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது 2-ஆம் எண். 22 முதல் 25 வரை என்றால் 3. எண் கூடக்கூடக் கெட்டி. 000 என்றால் கிட்டத்தட்ட எண்ணெய் மாதிரி ஓடும். 6 என்றால் கத்தியால்தான் வெட்ட வேண்டும்.

பைக் வேலைக்குப் பெரும்பாலும் 2 போதும். "3 நம்பர் கெட்டியா இருக்கு, நின்னு உழைக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. வீல் பேரிங்குக்கு அது பரவாயில்லை. ஆனால் இறுக்கமான பற்களுக்கு இடையில் பூசும்போது கெட்டியான கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் திரும்ப வராது.

சுருக்கமாக: எண்ணெய், அதைப் பிடிக்கும் சோப்பு, கொஞ்சம் சேர்மம். டப்பா மேலுள்ள எண் கெட்டியைச் சொல்லும். எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதை அது சொல்லாது.

ஷாஃப்ட்டுக்குள் நாலு இடம், நாலு தேவை

எஞ்சின் பக்கத்திலிருந்து பின்சக்கரம் வரை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கிராஸ் ஜாயிண்ட். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும், ஷாஃப்ட்டும் சாயும். சாய்ந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் கூட்டல் குறி வடிவ மூட்டு இது. உள்ளே ஊசி போன்ற மெல்லிய உருளைகள் இருக்கும். லாரியில் இதற்கு நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உண்டு, கிரீஸ் கன் வைத்து அடிக்கலாம். பைக்கில் பெரும்பாலும் நிப்பிள் இருக்காது. கம்பெனியிலேயே அடைத்து மூடி அனுப்பிவிடுவார்கள். நாம் செய்யக்கூடியது, அதை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழியாமல் பார்த்துக்கொள்வது.

அடுத்தது ஸ்பிளைன். தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள். அவை இன்னொரு உறையின் உட்பற்களுக்குள் நுழைந்து உட்காரும். சேர்ந்து சுழலும், அதே சமயம் முன்னும் பின்னும் கொஞ்சம் நகரவும் இடம் கொடுக்கும். கிரீஸைப் பற்றிய சண்டை எல்லாம் இந்த இடத்தைப் பற்றியதுதான்.

மூன்றாவது, கிரவுன் பினியன். ஷாஃப்ட்டின் சுழற்சியைத் திருப்பிச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி. சக்கரத்தின் நடுவில் உருண்டையாகத் தெரியும் பெட்டிக்குள் இருக்கிறது. இதற்கு கிரீஸே கிடையாது, கியர் ஆயில்தான். பெரும்பாலான கையேடுகள் ஜி.எல்.-5 என்ற கியர் ஆயில் தரத்தில் 75W-90 அல்லது 80W-90 என்று குறித்த ஆயிலைக் கேட்கும். அளவும் கால் லிட்டருக்குள்தான் வரும். அந்தச் சின்ன அளவு ஆயிலை மறந்துபோய், வெளியே மட்டும் கிரீஸ் பூசி மினுக்குவதில் பயன் இல்லை. ஆயிலைக் கழற்றும்போது மோர் மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீலைப் பார்க்க வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம். செதில் செதிலாக இருந்தால் சகஜம் இல்லை.

நாலாவது, வீல் பேரிங், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கையின் (ஸ்விங் ஆர்ம்) பேரிங். அடைத்த பேரிங் என்றால் நமக்கு வேலை இல்லை. திறந்த வகை என்றால் தண்ணீர் தாங்கும் நல்ல 2-ஆம் எண் கிரீஸ் போதும். இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

ஸ்பிளைன்: ஓடாமலே தேயும் இடம்

பாம்பன் துறையில் கட்டிப்போட்ட வல்லத்தைக் கவனித்திருப்பீர்கள். வல்லம் எங்கும் போவதில்லை. அலைக்குத் தக்கபடி ஒரு சாண் இழுத்து, ஒரு சாண் தளர்கிறது. ஆனால் கயிறு ஒரே இடத்தில் கட்டையில் உரசிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் மட்டும் நைந்துபோகும். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். அந்த ஒரு சாண் மட்டும் அறுந்துவிடும்.

ஸ்பிளைனுக்கு வருவதும் இதே தேய்மானம். பேரிங்கில் உருளைகள் வேகமாக ஓடுகின்றன. அந்த ஓட்டமே எண்ணெயை உள்ளே இழுத்து, இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கும். ஸ்பிளைனின் பற்கள் ஒன்றோடொன்று ஓடுவதில்லை. அழுத்திப் பிடித்தபடி, எஞ்சின் அடிக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் முடியளவு அசைகின்றன. அசைவு இவ்வளவு சிறியதாக இருந்தால் எண்ணெய்ப் படலம் உருவாகவே வழியில்லை. இருக்கும் எண்ணெயும் பிதுங்கி வெளியேறிவிடும். அதன்பிறகு எஃகும் எஃகும் நேரடியாகத் தொடும். நுண்ணிய முகடுகள் ஒட்டும், பிய்யும். பிய்ந்த துகள் காற்றுப்பட்டு இரும்பு ஆக்சைடாக, அதாவது செம்பழுப்புத் தூளாக மாறும். அந்தத் தூளே பற்களை அரைக்கத் தொடங்கும். இப்படிச் சிற்றசைவால் வரும் தேய்மானத்தை இங்கே சிற்றுரசல் என்று வைத்துக்கொள்வோம்.

ஷெட்டில் பின்சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்பிளைனில் செங்கல் பொடி மாதிரி உலர்ந்த தூள் கொட்டினால், பலரும் "தண்ணி போயி துரு பிடிச்சிருக்கு" என்று துடைத்துவிட்டுப் போவார்கள். அது வெறும் துரு இல்லை. பல் தேய்ந்து வந்த பொடி. கிரீஸ் என்றோ தீர்ந்துவிட்டது என்று பொருள். துடைத்துவிட்டு, பல்லின் பக்கவாட்டில் விரல் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பல் நல்ல நிலையில் இருக்கிறது. நடுவில் ஒரு படிக்கட்டில் இடிப்பதுபோல் நகம் தடுக்கினால், அந்த ஆழத்துக்குப் பல் தின்னப்பட்டிருக்கிறது. பல்லின் முனை கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எந்த கிரீஸும் அதைக் காப்பாற்றாது. பாகத்தை மாற்றத்தான் வேண்டும். வண்டியைத் திருப்பும்போதும் கிளட்சை விடும்போதும் பின்பக்கம் 'டக்'கென்று சத்தம் கூடிக்கொண்டே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

ஆக, ஸ்பிளைனுக்கு வேண்டிய மசகு, எண்ணெய் பிதுங்கிய பிறகும் உலோகத்தின்மேல் ஒட்டியிருந்து வேலை செய்ய வேண்டும். திரவத்தால் அது முடியாது. திடப்பொருள் ஒன்று வேண்டும்.

மாலியும் கிராஃபைட்டும்: இரண்டும் கறுப்பு, குணம் வேறு

அந்தத் திடப்பொருள்தான் மாலிப்டினம் டைசல்பைடு. கடைப் பேச்சில் மாலி. இதன் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் பிடிப்பு ரொம்பக் குறைவு. அழுத்தினால் நொறுங்காமல், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. விரலில் பட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. தேய்ந்த பல்லில் நமக்கு வேண்டியதும் அந்தப் பிடிவாதம்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "மாலி கிரீஸ்" என்று எழுதிய டப்பாவும் "மாலி பேஸ்ட்" என்று எழுதிய குழாயும் ஒன்றல்ல. ஹோண்டாவின் சர்வீஸ் கையேடுகள் இரண்டையும் தனித்தனிக் குறியீடாகவே காட்டுகின்றன: மாலி கிரீஸ் என்றால் 3 சதவீதத்துக்கு மேல், மாலி பேஸ்ட் என்றால் 40 சதவீதத்துக்கு மேல். வித்தியாசம் பத்து மடங்குக்கும் அதிகம். கையேடு பேஸ்ட் என்று சொன்ன இடத்தில் 3 சதவீத கிரீஸைப் பூசிவிட்டு, "நானும் மாலிதானே போட்டேன்" என்று சொல்லிப் பயனில்லை.

அதற்காக எல்லா இடத்திலும் பேஸ்டை அப்புவதும் தப்பு. வீல் பேரிங்கின் உருளைகள் உருள வேண்டும். அத்தனை திடப்பொருளை அங்கே திணிப்பதில் லாபம் எதுவும் இல்லை. பேஸ்டில் எண்ணெயும் குறைவு, பேரிங் காய்ந்துபோகும்.

அப்புறம் கிராஃபைட் கிரீஸ். லாரியின் பட்டை ஸ்பிரிங்குக்குப் பூசுவது, ஊருக்கு ஊர் கிடைக்கும், அதுவும் கறுப்பு. "கறுப்பா இருக்கு, மாலிதான்" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கிராஃபைட்டும் அடுக்கடுக்கான பொருள்தான், வழுக்கும்தான். ஆனால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பையும் அலுமினியத்தையும்விட அரிக்கப்படாத பொருள். உப்புநீரில் இந்த இரண்டு குணமும் சேர்ந்தால் பக்கத்திலுள்ள உலோகம் வேகமாக அரிக்கப்படும். அலுமினிய உறைக்குள் எஃகுத் தண்டு ஓடும் வண்டியில், கடலோரத்தில், கிராஃபைட்டைத் தள்ளிவைப்பதே நல்லது. செம்புப் பேஸ்டும் இதே கணக்குத்தான்: போல்ட் மரையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசுவது, அசையும் பல்லுக்கானது இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலம், சிவப்பு, பச்சை எல்லாம் சாயம். நீல கிரீஸ் என்பதால் தண்ணீர் தாங்கும் என்றோ, சிவப்பு என்பதால் சூடு தாங்கும் என்றோ எந்த விதியும் இல்லை.

இதுவரை பார்த்தது: பேரிங் ஓடுகிறது, அதற்கு எண்ணெய்ப் படலம் தரும் கிரீஸ். ஸ்பிளைன் அசைகிறது, அதற்கு மாலி பேஸ்ட். கிரவுன் பினியனுக்கு ஆயில். இனி, இந்தக் கரைக்கென்று தனியாக உள்ள பிரச்சினை.

இங்கே எதிரி சூடு இல்லை, உப்பு

கடைக்காரர் முதலில் நீட்டுவது "ஹை டெம்பரேச்சர்" என்று எழுதிய டப்பாவாகத்தான் இருக்கும். "260 டிகிரி தாங்கும் தம்பி, விலை கூட, ஆனா உழைக்கும்" என்பார். அந்த 260 என்பது சொட்டுநிலை: சூடாக்கிக்கொண்டே போனால் கிரீஸ் இளகி முதல் சொட்டு விழும் வெப்பம். சாதாரண லித்தியம் கிரீஸுக்கே இது 180 முதல் 200 வரை இருக்கும். ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் அந்தச் சூட்டை நெருங்குவதே இல்லை. சித்திரை வெயிலில் நாள் முழுக்க ஓட்டினாலும் நெருங்காது. தேவைப்படாத ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு, தேவையான கேள்வியைக் கேட்காமல் வருகிறோம்.

தேவையான கேள்வி: இது உப்புத்தண்ணீரைத் தாங்குமா?

ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. தனுஷ்கோடிப் பக்கம் காற்று பலமாக அடிக்கும் நாளில் அலைநுரை பொடியாகி, மணலோடு சேர்ந்து சாலையைக் கடந்து பறக்கும். வண்டியின் அடிப்பக்கத்தில் அது படியும். நீர் உலர்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். "காஞ்சுபோச்சே, இனி என்ன" என்று தோன்றும். ஆனால் சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புநீர் எவ்வளவு வெயில் அடித்தாலும் லேசில் காயாது. நம் கரையில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே இங்கே கடலுப்பு படிந்த உலோகம் மழையே பெய்யாவிட்டாலும் இரவு பகலாக நனைந்தபடிதான் இருக்கும்.

இன்னொன்று. மாலி ஈரத்தை விரும்பாத பொருள். வறண்ட சூழலில், காற்றே இல்லாத விண்வெளிக் கருவிகளில்கூட, அது அருமையாக வழுக்கும். ஈரக் காற்றில் உராய்வு கூடும். அதனால் நம் பக்கத்தில் உலர்ந்த மாலி ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு விடுவது சரிவராது. மாலியைச் சுமந்துவரும் கிரீஸ் தண்ணீரை விரட்டும் வகையாக இருக்க வேண்டும்.

எந்த சோப்பு தண்ணீருக்கு நிற்கும்

கெட்டிப்பொருளைப் பொறுத்துத்தான் நீர் தாங்கும் குணம்.

சோடியம் சோப்பு தண்ணீரில் கரைந்துவிடும். இப்போது அதிகம் புழக்கத்தில் இல்லை. யாராவது மலிவாகப் பழைய சரக்கைத் தள்ளினால் வாங்காதீர்கள். பழைய கால்சியம் கிரீஸ், கடைகளில் சேசிஸ் கிரீஸ் என்று கிடைப்பது, தண்ணீருக்கு நன்றாக நிற்கும். ஆனால் 100 டிகிரிக்கு முன்பே இளகிவிடும், வீல் பேரிங்குக்கு ஆகாது. லித்தியம் நடுத்தரம்: நனைந்தால் உடனே கழுவிப்போகாது, ஆனால் தொடர்ந்து உப்புத்தண்ணீர் பட்டால் பால்போல் வெளுத்து இளகும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் இதைவிட மேல். கால்சியம் சல்ஃபோனேட் வகைதான் இந்தக் கரைக்குப் பொருத்தம் என்பது என் முடிவு. கொஞ்சம் தண்ணீரை உள்வாங்கினாலும் கெட்டி குறையாது. துருத் தடுப்பும் அழுத்தம் தாங்கும் தன்மையும் அந்தச் சோப்பிலேயே இருக்கிறது. தனியாகச் சேர்மம் கலக்க வேண்டிய தேவை குறைவு. விலை கூடத்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் கரைகளில் விசைப்படகுகளைச் சரிபார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும். அப்போது மரைன் கிரீஸ் தேடாமலே கிடைக்கும். அது பைக்குக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்விங் ஆர்ம் பேரிங், ஸ்டாண்டு பிவட், திறந்த வீல் பேரிங் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். ஸ்பிளைனுக்கு மட்டும் யோசியுங்கள். நீரை விரட்டும், சரி. சிற்றுரசலைத் தாங்க அதில் மாலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் பேஸ்ட் கிடைக்காத இடத்தில், மாலி கலந்த கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் அடுத்த நல்ல தேர்வு. ஏ.பி.3 எல்லாவற்றுக்கும் கடைசி. ஒன்றுமே இல்லாமல் காய்ந்து ஓடுவதைவிட மேல் என்ற அளவில்தான்.

டப்பாவைப் படிப்பது

முன்பக்கத்து வாசகங்களை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் பாருங்கள். சில டப்பாக்களில் ஜெர்மன் குறியீடு ஒன்று இருக்கும்: உதாரணமாக, கே.பி.எஃப். 2 கே-30. முதல் கே, பேரிங்குக்கு ஏற்ற கிரீஸ் என்கிறது. பி இருந்தால் அழுத்தம் தாங்கும். எஃப் இருந்தால் மாலி போன்ற திடப்பொருள் கலந்திருக்கிறது. 2 என்பது கெட்டி. அடுத்த கே என்றால் 120 டிகிரி வரை. கடைசி எண் குளிரில் -30 வரை. எஃப் என்ற ஓர் எழுத்து உங்கள் நேரத்தை எவ்வளவோ மிச்சப்படுத்தும்.

என்.எல்.ஜி.ஐ. இப்போது ஹெச்.பி.எம். (உயர்திறன் பல்பயன் கிரீஸ்) என்ற முத்திரையையும் தருகிறது. அதோடு டபிள்யூ.ஆர். என்று இருந்தால் நீர் தாங்கும், சி.ஆர். என்று இருந்தால் உப்புநீர்த் துருவைத் தாங்கும். கம்பெனியின் தகவல் தாளைப் போனில் திறந்து பார்க்க முடிந்தால் இரண்டு வரியைத் தேடுங்கள். நீரில் கழுவிப்போகும் சதவீதம்: குறைவாக இருக்க வேண்டும். எம்கார் துருச் சோதனை: 0 என்றால் துருவே இல்லை, 5 என்றால் மோசம். இதில் காய்ச்சி வடித்த நீரில் செய்த சோதனை வேறு, உப்புநீரில் செய்தது வேறு. நமக்கு இரண்டாவதுதான் கணக்கு.

பூசும் முன்னும் பூசும்போதும்

பின் டயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்பிளைனைப் பார்த்துவிடுங்கள். சக்கரம் எப்படியும் கழன்றிருக்கிறது, கூலி கூடாது. சக்கரத்தைக் கழற்றினாலும் ஸ்பிளைன் வெளியே தெரியாத மாடல்களில், கையேட்டில் சொன்ன இடைவெளியில் ஷாஃப்ட்டையே கழற்றிப் பார்க்க வேண்டும். கடற்கரையில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய கிரீஸ்மேல் புதுசைப் பூசாதீர்கள். அடியில் உப்பும் தேய்மானப் பொடியும் அப்படியே இருக்கும். நாமே மூடி வைத்துக் காப்பாற்றியது மாதிரி ஆகிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷால் பல்லின் அடிவரை தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். ரப்பர் சீலில் மண்ணெண்ணெய் தேங்கக் கூடாது. உப்புப் படிந்திருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது அவசியம். மண்ணெண்ணெயில் உப்பு கரையாது.

பழையதைத் துடைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில கெட்டிப்பொருள்கள் ஒன்றோடொன்று சேராது. பாலியூரியா கிரீஸோ களிமண் கிரீஸோ இருந்த இடத்தில் லித்தியத்தை அடித்தால், இரண்டும் கலந்து நீர்த்து வழிந்துவிடலாம். உள்ளே இருந்தது என்ன என்று தெரியாதபோது துடைத்துவிட்டுத் தொடங்குவதே பத்திரம்.

அளவு? பல்லின் பள்ளங்கள் நிறைந்து, மேல்பக்கம் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். கூடுதலாக அப்பினால், ஒரு பக்கம் அடைபட்ட உறைக்குள் தண்டைத் தள்ளும்போது காற்றும் கிரீஸும் மாட்டிக்கொண்டு உள்ளே போகவிடாது. மிச்சம் சுழற்சியில் தெறிக்கும். அது பிரேக் டிஸ்க்கில் பட்டால் நிலைமை வேறு. பி.எம்.டபிள்யூ.வின் பழைய பாக்ஸர் வண்டிகளில் கிளட்ச் தட்டும் ஒரு ஸ்பிளைனில்தான் நகர்கிறது, அதுவும் எண்ணெயில் நனையாமல் ஓடும் உலர் கிளட்ச். அங்கே தாராளம் காட்டினால் தட்டில் கிரீஸ் ஏறி வழுக்கத் தொடங்கும்.

தனுஷ்கோடி போய்வந்த அன்றே வண்டியைக் கழுவ வேண்டும் என்பது சரிதான். ஆனால் வாட்டர் சர்வீஸில் கொடுத்து, பிரஷர் கன்னை ரப்பர் பூட்டுக்கும் சீலுக்கும் நேராகப் பிடிக்கவிடாதீர்கள். வெளியே இருந்த உப்பை உள்ளே அனுப்ப அதைவிடச் சுலபமான வழி இல்லை. வாளியில் நல்ல தண்ணீர், ஒரு குவளை, ஒரு துணி. மெதுவாக ஊற்றி ஊறவிட்டுக் கழுவினால் உப்பு தானே கரைந்து போகும். போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் கடைசி இரண்டு குவளையாவது குடிதண்ணீராக இருக்கட்டும்.

திறந்த டப்பாவை ஷெட்டின் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். மேலே படியும் பொடிமணலும் உப்பும் அடுத்த தடவை விரலோடு சேர்ந்து ஸ்பிளைனுக்குத்தான் போகும். வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் தேவைப்படும் என்றால் ஒரு கிலோ டப்பா எதற்கு? மூடி போட்ட சிறிய குழாயாக வாங்கிவிடலாம்.